மதுக் கிண்ணமும் கவ்வாத்துக் கத்தியும்

மதுவை விலக்கிய சமூகத்தின் கவிதைச் சுவையிலே மதுக் கிண்ணம் இத்தனை உயர்ந்த இடத்தைப் பெற்றிருப்பது விந்தையே. 1859-ஆம் ஆண்டில் பிட்ஸ்ஜெரால்டு ஆங்கிலத்தில் ஆக்கித் தந்த உமர் கையாமைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழுக்குக் கொணர்ந்தார். நமது கிழக்குக் கரையிலே காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையும் அப்பாடல்களைத் தமிழாக்கினார். கிண்ணம் என்பது உள்ளம், மது என்பது இறைக்காதல் என்று பொருள் கூறி நம்மவர் அவற்றைச் சுவைக்கின்றனர். அவ்விளக்கம் தவறென்று சொல்ல நாம் வரவில்லை. பாரசீக ஞானியர் மரபிலே அதற்கு இடமுண்டு. நாம் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. அக்கிண்ணத்தை நிரப்பிய திராட்சைக் கொடியை வளர்த்தவன் யார்?

உமர் கையாம் குயவனைக் கண்டார். அவன் பிசையும் களிமண்ணிலே மனித வாழ்வின் முடிவையும் கண்டார். கொடியும் கனியும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. கொடியின் முன் குனிந்து நிற்கும் உழைப்பாளியை மட்டும், நாம் படித்த அளவில், அப்பாடல்களில் காணவில்லை.

அவனைக் காண வேண்டுமாயின் பனிக்காலத்திலே திராட்சைத் தோட்டத்துக்குச் செல்ல வேண்டும். இலையெல்லாம் உதிர்ந்து கொடி உறங்கும் அம்மாதங்களிலேதான் அடுத்த ஆண்டின் விளைவு முடிவாகிறது. நமது மலையகத் தேயிலைத் தொழிலாளர் 'கவ்வாத்து' என வழங்கும் வேலையே அங்கும் நடைபெறுகிறது. சென்ற பருவத்தில் ஓடிய கொம்புகளுள் எதை வெட்டுவது, எஞ்சியதில் எத்தனை மொட்டு விடுவது என்பதை ஒவ்வொரு கொடியின் முன்னும் நின்று தீர்மானிக்க வேண்டும். மொட்டு மிகுந்தால் கனி நலியும். குறைந்தால் விளைச்சல் குன்றும். ஒரு ஹெக்டேரில் ஆயிரக்கணக்கான கொடிகள். அத்தனைக்கும் முதுகு வளைந்தாக வேண்டும். விரல்கள் விறைக்கும்போது, வெட்டிய சுள்ளிகளை எரித்து அத்தீயிலே கை காய்ச்சிக்கொள்வர். பனி நீங்கும் தறுவாயிலே வேரிலிருந்து நீர் ஏறி வெட்டுவாயில் துளித்துளியாகச் சொட்டும். கொடி அழுகிறது என்பர் பிரெஞ்சு உழவர். கொடியின் கண்ணீருக்குப் பெயரிட்ட உலகம் வெட்டியவனின் பெயரை எழுதி வைக்கவில்லை.

இது குளிர்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். ஆனால் இக்கதை ஐரோப்பாவோடு முடியவில்லை. 1830-இல் அல்ஜீரியாவைக் கைப்பற்றத் தொடங்கிய பிரான்ஸ், அங்குள்ள குடிகளின் நிலங்களைப் பறித்துக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. 1860-களிலிருந்து பிரான்சின் தோட்டங்களை வேர்ப்பேன் நோய் அழித்தபோது, கடலுக்கு இப்பாலுள்ள அந்நிலங்களிலே திராட்சை விரிவாக நடப்பட்டது. 1930-களில் ஏறத்தாழ 4,00,000 ஹெக்டேரில் திராட்சை நின்றது. உலகிலேயே மிகுதியாக மது ஏற்றுமதி செய்யும் நாடுகளின் முன்னணியில் அல்ஜீரியா இருந்தது. ஸ்பானியக் கூலிகளோடு தொடங்கிய தோட்ட வேலை, காலப்போக்கில் பெரும்பாலும் அல்ஜீரிய முஸ்லிம்களின் கைக்கு வந்தது. தன் பாட்டனார் கோதுமை விதைத்த மண்ணிலே, தான் அருந்தாத மதுவுக்காக, அந்நியனின் கொடியைத் தைமாதக் குளிரில் நாட்கூலிக்கு வெட்டியவன் கலிமாச் சொன்ன உழவனே.

மதுவைப் பிழிபவனையும் சுமப்பவனையும் விற்பவனையும் நமது மார்க்கம் கண்டித்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி அந்த உழவன்மீது குற்றஞ் சுமத்துவது எளிது. அவனை அத்தோட்டத்திலே கொண்டு நிறுத்திய நிலப்பறிப்பையும் பசியையும் ஆராய்வது கடினம். இலக்கியத்தின் பணி இக்கடினமான பக்கத்திலேயே இருக்கிறது. அப்பணியை ஏற்றவர் அல்ஜீரிய நாவலாசிரியர் முகம்மது திப். விடுதலைப் போர் மூண்ட அதே 1954-இல் வெளிவந்த அவரது 'தீ' என்னும் நாவல், குடியேறிகளின் பண்ணைகளிலே உழைக்கும் கூலிவிவசாயிகளின் வேலைநிறுத்தத்தைச் சித்திரிக்கிறது. 1957-இல் அதே வரிசையில் வந்த அடுத்த நாவல் நெசவாளரைப் பற்றியது. மருதமுனைத் தறியோசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவர் அந்நியர் அல்லர். திப்பின் எழுத்திலே உழைப்பாளி உருவகமாக வரவில்லை. நிலத்தை இழந்த மனிதனாகவே வருகிறான்.

இனி நமது வட்டைகளுக்குத் திரும்புவோம். நமக்குப் பனி இல்லை, மாரி உண்டு. வடகீழ்ப் பருவமழையோடு பெரும்போகம் தொடங்கும். மழையிலே வரம்பு கட்டி, வாடியிலே படுத்து, யானைக்கும் பன்றிக்கும் இரவெல்லாம் விழித்திருந்தவன் முல்லைக்காரன்; நிலமும் விளைவின் பெரும்பங்கும் போடியாருடையவை. இன்று அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. அரிவாளோடு கூட்டமாக வந்தோரின் பிழைப்புச் சுருங்கிவிட்டது. ஆயினும் நம்மவர் கவிதைகள் பலவற்றிலே வயல் பச்சைக் கம்பளமாகவும் கதிர் பொன்னாகவும் மட்டுமே காட்சி தருகின்றன. கிண்ணத்தைக் கண்டு கொடிக்காரனைக் காணாத பழக்கமே இங்கும் தொடர்கிறது.

நமது நாட்டார் கவிகளிலே இக்குறை இல்லை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தொகுத்துக் காத்த அக்கவிகளிலே வட்டைக்குச் சென்றவனின் தனிமையும், வீட்டிலே காத்திருப்பவளின் ஏக்கமும் பேசப்படுகின்றன. எழுத்தறியாத அப்பெண்கள் உழைப்பை அலங்காரமாக்கவில்லை. அது தம் வாழ்வாதலால் அப்படியே பாடினர்.

உமர் கையாமைப் படிக்க வேண்டாமென்று நாம் கூறமாட்டோம். படிக்கும்போது கிண்ணத்துக்கு அப்பால் கொடியையும், கொடிக்கு அப்பால் கத்தி பிடித்த கையையும் தேடுங்கள் என்றே கூறுகிறோம். அந்தக் கையைத் தேடப் பழகிய வாசகன், நாளை நம் வயலைப் பாடும் கவிஞனிடமும் முல்லைக்காரன் எங்கே என்று கேட்பான். அக்கேள்விக்கு விடை தரும் கவிதைகளையே இக்கரையின் எழுத்தாளரிடம் நாம் எதிர்பார்க்கிறோம்.