கலப்புக் காடு வறட்சியைத் தாங்குமா?

பல இன மரங்களைக் கலந்து நட்டால் காடு வறட்சியைத் தாங்கும் என்ற கூற்றை மரநடுவிழாக்களில் அடிக்கடி கேட்கிறோம். ஷார்லட் கிரோசியார் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. ஐரோப்பாவின் 5 வகைக் காடுகளில் 160 இடங்களை அவர்கள் ஒப்பிட்டனர்.

நீர் குறைந்தால் இலைத்துளைகள் மூடும்; அப்போது உருவாகும் கட்டையில் கார்பன்-13இன் விகிதம் கூடும். ஈரமான ஆண்டின் வளையத்தையும் வறண்ட ஆண்டின் வளையத்தையும் ஒப்பிட்டால் மரங்கள் பட்ட தாகம் தெரியும். மரத்தையே சாட்சியாக்கியது இவ்வாய்வின் சிறப்பு.

2 வகைக் காடுகளில் கலப்பு தாகத்தைக் குறைத்தது. மற்ற 3இல் பயனில்லை. வறட்சி மிகுந்த சூழலில் மட்டுமே கலப்பு உதவும் என்பது அவர்கள் முடிவு.

அப்படியானால், சின்னாளப்பட்டியை அடுத்த சிறுமலை அடிவாரத்திலும் உதவும் எனலாமா? அவசரம் வேண்டாம். ஆய்வில் வெப்பமண்டலக் காடு ஒன்றுமில்லை. எந்த மரம் பட்டுப்போயிற்று என்பதையும் இவ்வளவீடு சொல்லாது. நம் வறள்காடுகளில் சில மரங்கள் கோடையில் இலையுதிர்க்கும். சில இலையோடு நிற்கும். வேர்கள் வெவ்வேறு ஆழங்களில் நீர் தேடினால் கலப்பு துணை. ஒரே ஆழத்தில் தேடினால் போட்டி. கன்று நடுவோர் இனங்களை எண்ணுமுன் வேர்களை அறிதல் வேண்டும். தவறினால், ஊற்றிய தண்ணீரும் வீண்.