சிறிய காமிராவும் செம்மையான ஒளியும்

சொந்தப் பொருளைச் செலவிட்டுத் திரைப்படம் எடுக்கத் துணிந்த ஒருவர் முதன்முதலாகக் கேட்கும் வினா, எந்தக் காமிராவை வாங்கலாம் என்பதே. அந்த வினா நியாயமானதுதான். ஆயினும் காமிராக்களின் கிரயத்தையும் சென்சார்களின் அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே பொழுதெல்லாம் கழிந்துவிட, தேர்ந்தெடுத்த காமிராவின் முன்னே எத்தகைய ஒளியை வைக்கப் போகிறோம் என்ற சிந்தனை கடைசிவரை எழாமலே போய்விடுகிறது. பிளாக்மேஜிக் நிறுவனத்தாரின் பாக்கெட் சினிமா காமிரா 4கே என்னும் சாதனத்தைக் குறும்படங்களிலும் ஆவணப்படங்களிலும் நெடுநாள் கையாண்ட அநுபவத்தை ஆதாரமாகக் கொண்டு, இவ்விரண்டு விஷயங்களையும் சேர்த்தே இங்கு ஆராய முற்படுகிறேன்; ஏனெனில் இக்காமிராவின் குணங்களும் குறைகளும் அதற்கு நாம் கொடுக்கும் ஒளியோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கின்றன.

பி.சி. ஸ்ரீராம் இயக்கி 2004இல் வெளிவந்த ‘வானம் வசப்படும்’ டிஜிட்டல் காமிராவிலே எடுக்கப்பட்டபோது, அது பலருக்குப் பரீட்சார்த்த முயற்சியாகவே தோன்றியது. 2007இல் ரெட் ஒன் என்னும் டிஜிட்டல் சினிமா காமிரா வந்தது. லென்ஸ் முதலிய துணைப் பொருள்கள் ஏதுமின்றி அதன் உடல் மட்டுமே 17,500 டாலர் விலை பெற்றது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிளாக்மேஜிக் நிறுவனம் 2013இல் தன் முதல் பாக்கெட் காமிராவை 995 டாலருக்கும், 2018இல் இந்த 4கே காமிராவை 1,295 டாலருக்கும் வெளியிட்டபோது, பெரிய ஸ்டூடியோக்களின் வாசலைத் தாண்டாதிருந்த ஒரு தொழில்நுட்பம் சாமானியரின் கைக்கு எட்டிவிட்டது. அதற்குப் பின் 2019இல் 6கே காமிராவும், 2021இல் 6கே புரோ என்ற காமிராவும் வந்துள்ளன என்றாலும், கைமாறிய பொருளாகவும் வாடகைப் பொருளாகவும் எளிதில் கிடைப்பதனால் 4கே காமிராவையே இங்குப் பிரதானமாக எடுத்துக்கொள்கிறேன்.

அமைப்பும் சௌகரியமும்

பாக்கெட் என்று பெயர் பெற்றிருப்பினும் எந்தச் சட்டைப் பையிலும் இது அடங்காது. ஏறத்தாழ 720 கிராம் எடையுள்ள அகன்ற உடல், வலக்கையில் உறுதியாக அமரும் பிடி, பின்புறம் முழுவதையும் நிறைத்து நிற்கும் 5 அங்குலத் தொடுதிரை என்ற இம்மூன்றுமே முதலில் கண்ணிற் படுவன. திரையின் அமைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஷட்டர், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ., வெண்சமநிலை ஆகிய அனைத்தும் திரையின் ஓரத்திலேயே தெரிவதாலும், தொட்ட மாத்திரத்தில் மாற்றக் கிடைப்பதாலும், இயந்திரத்தோடு போராடும் சிரமமின்றி நடிகரின் முகத்திலேயே மனத்தைச் செலுத்த முடிகிறது. ஒலிக்கு மினி எக்ஸ்.எல்.ஆர். வாயிலும், பதிவுக்கு சி.ஃபாஸ்ட், எஸ்.டி. அட்டைகளுக்கான இடங்களும், இவையன்றி யு.எஸ்.பி.-சி வழியாக ஓர் எஸ்.எஸ்.டி.யில் நேரே பதிவு செய்யும் வசதியும் உள்ளன. சி.ஃபாஸ்ட் அட்டைகளின் விலையை நோக்கினால், பிந்திய வசதி சிறிய தயாரிப்பாளருக்குப் பெரிய உபகாரமே.

சென்சார் 18.96 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதாவது முழு ஃபிரேம் காமிராவோடு ஒப்பிட, ஒரே லென்ஸ் இதிலே ஏறத்தாழ 1.9 மடங்கு குறுகிய பார்வையைத் தரும். 25 மில்லிமீட்டர் லென்ஸ் இங்கே 47 மில்லிமீட்டர் போல நடந்துகொள்ளும் என்பதைக் கருத்திற் கொண்டு லென்ஸ்களைத் தேர வேண்டும். லென்ஸ் பொருந்தும் வாய் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையாதலால், தகுந்த அடாப்டரை இணைத்துப் பழைய நிக்கான், கேனான் லென்ஸ்கள் பலவற்றையும் பயன்படுத்தலாம். வீட்டிலே தந்தை விட்டுச் சென்ற பழைய லென்ஸ் ஒன்று இருந்தாலும் அது வீண் போகாது.

உணர்திறனின் சூட்சுமம்

இக்காமிராவின் விசேஷங்களுள் தலையாயது இரட்டை மூல ஐ.எஸ்.ஓ. என்னும் அமைப்பு. 400, 3200 என்ற இரண்டு நிலைகளை இதன் சென்சார் தன் இயல்பான நிலைகளாகக் கொண்டிருக்கிறது. 100 முதல் 1000 வரை ஒரு நிலையிலும், 1250 முதல் 25600 வரை மற்றொரு நிலையிலும் இயங்குவதனால், 1000இல் எடுத்த காட்சியை விட 1250இல் எடுத்த காட்சியிலே இரைச்சற் புள்ளிகள் குறைந்து காணப்படும் விந்தையை எவரும் சோதித்துப் பார்க்கலாம். 400க்கும் 3200க்கும் இடையே உள்ள தொலைவு 3 ஸ்டாப். அஃதாவது, ஒவ்வொரு ஸ்டாப்பும் இரு மடங்காதலால், 8 மடங்கு. பகலிலே 400இல் எடுப்பதற்கு வேண்டிய ஒளியின் எட்டில் ஒரு பங்கே இரவுக் காட்சிக்குப் போதும் என்றால், வீட்டு மின் இணைப்புத் தாங்குமோ என்ற அச்சமும், ஜெனரேட்டர் வாடகையும் ஒருங்கே நீங்கிவிடுகின்றன.

13 ஸ்டாப் என நிறுவனத்தார் கூறும் ஒளி வீச்சை ஐ.எஸ்.ஓ. எண் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. நடுச்சாம்பல் நிறத்துக்கு மேலே எத்தனை, கீழே எத்தனை என்று பங்கிடுகிறது. ஒரே நிலைக்குள் எண்ணைக் குறைத்தால் இருளின் விவரம் செழிக்கும், பிரகாசத்தின் விவரம் சுருங்கும். எண்ணை உயர்த்தினால் இதற்கு மாறாக நிகழும். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தும் காட்சிக்குச் சற்று உயர்ந்த எண்ணும், விளக்கு மங்கிய அறைக்குச் சற்றுத் தாழ்ந்த எண்ணும் பொருத்தம் என்ற முடிவு, வழக்கமாக நாம் கொள்ளும் எண்ணத்துக்கு நேர் எதிரானதாயினும், திரையிலே பலன் தருவது அதுவே.

பிளாக்மேஜிக் ரா என்ற பதிவு முறையில், ஐ.எஸ்.ஓ.வையும் வெண்சமநிலையையும் படத்தொகுப்பின்போதும் திருத்திக்கொள்ள முடியும். வினாடிக்கு 30 ஃபிரேம் என்ற கணக்கில், 8:1 சுருக்கத்தில் வினாடிக்கு 51 மெகாபைட்டும், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 184 ஜிகாபைட்டும் செலவாகும். காமிராவோடு சேர்த்தே தரப்படும் டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ என்ற மென்பொருளில் தொகுப்பு, வண்ணம், ஒலி மூன்றையும் முடித்துவிடலாம். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது: நிறத்தைப் பின்னர் திருத்தலாம், ஒளி எத்திசையிலிருந்து வந்தது, கூர்மையாக வந்ததா மென்மையாக வந்ததா என்பதைப் பின்னர் எவராலும் மாற்ற முடியாது. அந்தக் காரியம் படப்பிடிப்புத் தளத்திலேயே முடிந்தாக வேண்டும்.

ஒளியமைப்பு

ஒளியமைப்பிலே ஏழ்மை ஒரு தடையன்று என்பதற்கு இந்திய சினிமாவின் சரித்திரமே சான்று பகர்கிறது. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1956இல் வெளிவந்தது. அதற்கென ஸ்டூடியோவிலே காசி நகரத்து வீடு ஒன்றின் முற்றத்தை அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அத்துணியின் மீது பாய்ச்சி, அங்கிருந்து சிதறித் திரும்பிய மென்மையான ஒளியையே வானத்தின் ஒளியாக்கிக் காட்டினார். விளக்கின் பரப்பு விரிய விரிய நிழலின் விளிம்பு கரையும் என்ற பௌதிக நியதியே அந்த யுக்தியின் ஆதாரம். இன்றும் ஒரு வெள்ளை வேட்டியும் இரண்டு தெர்மோகோல் பலகைகளும் அதே நியதியைப் பின்பற்றுகின்றன.

இக்காமிராவைக் கொண்டு ஒரு பழைய வீட்டின் கூடத்திலே உரையாடல் காட்சியை எடுக்கும்போது நான் கைக்கொள்ளும் முறை எளியது. முதலில் கூடத்து விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, ஜன்னல் வழியே வரும் ஒளி முகத்தில் எப்படி விழுகிறது என்று பார்ப்பேன். அது போதாவிடில், 100 அல்லது 200 வாட் பகலொளி எல்.இ.டி. விளக்கு ஒன்றை ஜன்னலின் திசையிலிருந்தே வரும்படி வைத்து, அதன் முன் பட்டர் பேப்பரையோ வெள்ளைத் துணியையோ அகலமாகக் கட்டுவேன். மறுபுறத்தில் தெர்மோகோலை வைத்தால் நிழல் இளகும். கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் நிழல் ஆழமாகும். சுண்ணாம்பு அடித்த வெண்சுவர்கள் எங்கும் ஒளியை வாரி இறைக்கும் நம் வீடுகளிலே, ஒளியைச் சேர்ப்பதை விட வேண்டாத ஒளியை நீக்குவதே பெரும்பாலும் அவசியமாகிறது. ஆகவே ஒரு விளக்கு குறைந்தாலும் குறையலாம், கறுப்புத் துணி இல்லாமல் படப்பிடிப்புக்குப் போகலாகாது என்பது என் அபிப்பிராயம். விளக்கை முகத்திலிருந்து இரு மடங்கு தொலைவுக்கு நகர்த்தினால் ஒளி நான்கில் ஒரு பங்காகும் என்ற விதியையும் நினைவில் வைத்துக்கொண்டால், முகத்தைப் பிரகாசமாக வைத்துப் பின்சுவரை இருளில் விடுவதற்கு விளக்கை அருகில் கொண்டுவந்தாலே போதும் என்பது விளங்கும்.

விளக்கு வாங்கும்போது அதன் வாட் அளவை மட்டும் பார்ப்பது விவேகமன்று. சி.ஆர்.ஐ. என்ற நிறத் தர எண் பொதுவாக எட்டு வெளிறிய நிறங்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. தோலின் உயிர்ப்புக்கு இன்றியமையாத அடர்சிவப்பான ஆர்9 அதிலே சேர்வதில்லை. எனவே சி.ஆர்.ஐ. உயர்ந்திருந்தும் ஆர்9 தாழ்ந்த மலிவு விளக்குகளின் கீழ் முகம் வெளிறிக் களையிழந்து தோன்றும். ஆர்9 எண்ணையும், காமிராவின் பார்வையையே அளவுகோலாகக் கொண்ட டி.எல்.சி.ஐ. எண்ணையும் கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

தோலின் நிறத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கோடாக் நிறுவனம் புகைப்பட ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டைகளிலே நெடுங்காலம் வெள்ளை நிறப் பெண்ணின் முகமே வண்ணத்தின் அளவுகோலாக நின்றது. இந்தக் காமிராவிலோ, ஃபால்ஸ் கலர் என்னும் கருவியை இயக்கினால், நடுச்சாம்பல் அளவு பச்சையாகவும், அதற்கு ஒரு ஸ்டாப் மேற்பட்டது இளஞ்சிவப்பாகவும் திரையில் தோன்றுகின்றன. கரிய மேனிக்குப் பச்சையும், வெளுத்த மேனிக்கு இளஞ்சிவப்பும் ஏற்றவை என்று நிறுவனத்தாரின் கையேடே வழிகாட்டுகிறது. நம் மக்களின் முகங்களைச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுக்க வைப்பதற்கு இனி எந்த நியாயமும் இல்லை. கரிய தோலின் அழகு அதன் மீது ஒளிரும் பளபளப்பில் இருக்கிறது. அகன்ற, மென்மையான ஒளியைப் பக்கவாட்டில் வைத்து, அந்தப் பளபளப்பு கன்னத்திலும் நெற்றியிலும் இயல்பாகப் படியுமாறு செய்தால், பச்சை நிலையிலேயே முகம் பரிபூரணமாக விளங்கும்.

மின்னோட்டத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வுடையதாதலால், வினாடிக்கு 24 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டர் கோணத்தை வழக்கமான 180 பாகையில் வைத்தால், சில குழல் விளக்குகளின் கீழ் காட்சி துடிக்கும். அதை 172.8 பாகையாக மாற்றினால், ஒவ்வொரு ஃபிரேமும் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஒளி பெற்று, துடிப்பு நீங்கும். துடிப்பில்லாத அளவுகளைக் காமிராவே திரையில் பரிந்துரைக்கிறது.

குறைகள்

இனிக் குறைகளைக் கூறவேண்டும். திரை அசையாதது, தரையோடு தரையாகவோ தலைக்கு மேலோ காமிராவை வைத்தால் தனி மானிட்டர் வேண்டும். வெயிலில் இத்திரை தெளிவாகத் தெரிவதுமில்லை. எல்.பி.-இ6 என்ற சிறிய பாட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை; நாள் முழுதும் எடுக்க வேண்டுமானால் பெரிய பாட்டரியைப் பொருத்தும் தட்டு அவசியம். கை நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பு உடலில் இல்லை. நகரும் உருவத்தைத் தொடர்ந்து பின்பற்றும் ஆட்டோஃபோகஸும் இல்லை. ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்ட்டர் உள்ளேயே இல்லாததால், வெட்டவெளியிலே லென்ஸின் முன் ஃபில்ட்டரை மாட்ட வேண்டும்; அதுவும் அழுத்தமான என்.டி.யாயின் அகச்சிவப்புக் கதிர் கலந்து கறுப்புத் துணி பழுப்பேறிக் காணுமாதலால், அக்கதிரையும் தடுக்கும் வகையையே வாங்க வேண்டும். 2, 4, 6 ஸ்டாப் என்.டி.யை உள்ளடக்கி, சாய்க்கக்கூடிய திரையும் பெற்ற 6கே புரோ இக்குறைகளுள் பலவற்றைத் தீர்க்கிறது. பொருள் வசதி உள்ளவர் அதனையே நாடலாம்.

முடிவு

தனியாகச் சென்று, ஓடுபவரைத் தொடர்ந்து ஓடி, நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய வேண்டியவருக்கு இக்காமிரா ஏற்றதன்று. அவருக்கு ஆட்டோஃபோகஸும் நடுக்கத் தடுப்பும் வாய்ந்த வேறு காமிராக்கள் உள்ளன. முக்காலியை ஊன்றி, நடிகரை நிறுத்தி, ஒளியைச் சிரத்தையோடு அமைத்து எடுப்பவருக்கோ, இந்த விலைக்குள் இதனினும் உண்மையான துணையை நான் கண்டதில்லை. கையில் உள்ள பணத்தை மூன்று பங்காக்கி, ஒன்றைக் காமிராவுக்கும், ஒன்றை லென்ஸ், பாட்டரி, எஸ்.எஸ்.டி. ஆகியவற்றுக்கும், மூன்றாவது பங்கை விளக்குக்கும் ஒலிக்கும் ஒதுக்குவதே சரியான பாகுபாடு என்பேன். மூன்றாம் பங்கை விழுங்கிவிடும் காமிரா எதுவாயினும் அது நமக்குத் தகாத காமிராவே. வாங்குவதற்கு முன் இதை வாடகைக்கு எடுத்து, படம் எடுக்கப் போகும் அதே வீட்டுக்கு, ஒரு விளக்கும் ஒரு தெர்மோகோலும் ஒரு கறுப்புத் துணியுமாகச் சென்று, ஒரே முகத்தைக் காலையிலும் உச்சிப் பொழுதிலும் இரவிலும் 400இலும் 3200இலும் பதிவு செய்து, பெரிய திரையிலே பார்த்து முடிவு செய்க. அந்தச் சோதனை காமிராவைப் பற்றி எவ்வளவு கற்பிக்குமோ, அதற்கு மேல் ஒளியைப் பற்றியும் கற்பித்துவிடும். பிற்காலத்தில் எந்தக் காமிரா கைக்கு வந்தாலும் அந்த அறிவு கூடவே வரும்.