திருத்துவோர் கடன்: ரசிகமணியின் கம்பர் பதிப்பு பற்றிச் சில சிந்தனைகள்

பிழை செய்யாமல் கற்றவர் எவருமிலர். ஆயினும் பிழை தானாகவே ஆசானாகி விடுவதில்லை. இன்னது பிழை என்று ஒருவர் காட்ட வேண்டும். காட்டப்பெற்றவர் அதனைத் தம் கண்ணாலேயே காண வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் கல்வி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. மாணவனின் பலகைக்குப் பொருந்தும் இவ்வுண்மை மகாகவியின் ஏட்டுக்கும் பொருந்தும். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அவர்கள் கம்பரின் பாடல்களில் செய்த திருத்தங்களை இக்கண்கொண்டு நோக்குவதே நம் கருத்து.

நெல்லையில் வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டத்தை நடத்திய ரசிகமணி, பிற்காலத்தில் குற்றாலத்தில் தங்கி, 1954இல் மறையும் வரை அங்கேயே தமிழ் விருந்து படைத்தார். ராஜாஜியும் கல்கியும் அவ்விருந்தை நாடி வந்தவர்கள். அருவி காண வந்தவர்கள் அவர் வீட்டுத் திண்ணையில் கவிதை கண்டு திரும்பினார்கள் என்றால் அது மிகையன்று. ஒரு பாடலை அவர் ஒருமுறை சொல்லி அமைவதில்லை. நிறுத்திச் சொல்வார், திருப்பிச் சொல்வார், கேட்போர் முகத்தைப் பார்ப்பார், பாவம் அவர்கள் உள்ளத்தில் இறங்கிய பிறகே அடுத்த அடிக்குச் செல்வார். கற்பித்தல் என்பது இதுதான் அன்றோ!

இத்தகைய செவி படைத்தவருக்குக் கம்பரின் அச்சுப் பிரதிகள் மன நிறைவு தரவில்லை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பிறர் கைச்சரக்கு மலிந்துள்ளது என்பது அவர் முடிபு. இடைச்செருகல் உண்டு என்பதைக் கம்பரைக் கற்ற எவரும் மறுப்பதில்லை; ஏடு எழுதுவோரின் கைப்பிழை உண்டு என்பதும் அவ்வாறே. ரசிகமணி அதற்கும் அப்பால் சென்றார். தம் உள்ளம் ஒப்பிய பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டார். அவற்றிலும் ஓசையோ பாவமோ இடறிய இடங்களில் சொற்களை மாற்றி அமைத்தார். 'கம்பர் தரும் இராமாயணம்' என்னும் பதிப்பு அவ்வாறு பிறந்தது. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காட்டுவது அவர் வழியன்று. செவியே அவருக்கு உரைகல்.

அந்தச் செவியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. திருக்குர்ஆன் ஓதும் கலையாகிய தஜ்வீதில் பிழையை இரு வகையாகப் பிரிப்பர். எழுத்தையோ குறியையோ மாற்றிவிடும் வெளிப்படையான பிழை லஹ்னு ஜலீ. தேர்ந்தவர் செவிக்கு மட்டுமே புலப்படும் நுண்பிழை லஹ்னு கஃபீ. முன்னதைக் கற்றோர் பலரும் காண்பர். பின்னதைக் காணப் பழுத்த செவி வேண்டும். தமிழ்ச் செய்யுளின் நுண்பிழையைக் கேட்கும் செவி ரசிகமணிக்கு இருந்தது. இலக்கணம் மட்டும் அறிந்தோர் கடந்து சென்ற இடங்களில் அவர் தயங்கி நின்றார். அந்தத் தயக்கமே தமிழ் மக்களுக்கு ஒரு பாடம்.

குறை எங்கே எனில், தயக்கம் நூலில் இல்லை. திருத்தம் மட்டுமே உள்ளது. குற்றாலத்துத் திண்ணையில் அமர்ந்தவர், "பழைய பாடம் யாது? அது ஏன் ஆகாது?" என்று கேட்டிருக்கலாம், அவரும் விளக்கியிருப்பார். அச்சு நூலைக் கையில் ஏந்தியவன் யாரைக் கேட்பான்? எது ஏட்டில் உள்ள சொல், எது ரசிகமணியின் சொல் என்று பிரித்தறிய அவனுக்கு வழியில்லை. பிழையும் மறைந்தது, திருத்தமும் மறைந்தது. எஞ்சியது முடிவு மட்டுமே. முடிவை மட்டும் பெற்றவன் நம்புவான் அல்லது மறுப்பான், கற்க மாட்டான்.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இச்சிக்கலைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்தனர். ஏட்டை மூலத்தோடு ஒப்புநோக்கும் முகாபலா அவர்களுக்குக் கட்டாயக் கடமை போன்றது. அவ்வாறு நோக்குகையில் பிழையான சொல் ஒன்று எதிர்ப்பட்டால் என் செய்வது? 1149இல் மறைந்த காழி இயாழ் அவர்களும், 1245இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் அவர்களும் காட்டும் நெறி இது: வந்தது வந்தபடியே நூலின் நடுவில் இருக்கட்டும், சரியெனத் தோன்றுவதை ஓரத்தில் எழுதுக. ஐயத்துக்கு இடமாயினும் சரியான சொல்லின் மேல் 'ஸஹ்ஹ' என்று முழுமையாகக் குறிப்பர். அறிவிப்பாக வந்து சேர்ந்திருந்தும் சொல்லிலோ பொருளிலோ பழுதுபட்டதன் மேல், அக்குறியின் தலையெழுத்தாகிய ஸாதை மட்டும் நீட்டி வரைவர். குறி முற்றுப்பெறாதது போலவே சொல்லும் முற்றுப்பெறவில்லை என்பது குறிப்பு. இன்று பழுதெனத் தோன்றுவதன் செம்மை, பின்னால் வரும் ஒருவருக்கு விளங்கக்கூடும் அன்றோ!

ஸ்பெயின் நாட்டு அறிஞர் அபுல் வலீத் அல்வக்கஷீ அவர்களைப் பற்றிய செய்தியும் இங்கே வருகிறது. பரந்த படிப்பும் கூர்த்த மதியும் உடைய அவர், அந்தத் துணிவால் நூல்களின் பாடங்களைப் பெரிதும் திருத்தினார். பல இடங்களில் வென்றார், சில இடங்களில் வழுவினார் என்கின்றனர். அவருடைய அறிவை எவரும் இகழவில்லை. அவ்வறிவு இல்லாதோரும் அவர் காட்டிய வழியில் புகுந்துவிடுவர் என்பதே அவர்களின் அச்சம். ரசிகமணியைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதும் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

தமிழிலும் இந்நெறி அறியப்படாததன்று. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர், ஏடுகளில் கண்ட பாடபேதங்களைக் குறித்தார். சிதைந்த இடங்களைத் தம் சொல்லால் நிரப்பாமல் சிதைவாகவே விட்டார். சிந்தாமணியின் பொருள் விளங்காத இடங்களில் சமணர்களை அணுகிக் கேட்டுத் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். திருத்தப்படுவதற்கு இசைந்தவரே திருத்துவதற்கு உரியவர் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ஒருவர் விரைந்து தொழுதுவிட்டு வந்து ஸலாம் உரைத்த செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உண்டு. மீண்டும் சென்று தொழுமாறு மும்முறை அவரைத் திருப்பி அனுப்பினார்கள். இதைவிட நன்றாகத் தமக்குத் தெரியாது, கற்றுத் தருக என்று அவரே வேண்டிய பின்னரே முறையை விளக்கினார்கள். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சொல்லியிருந்தால் செய்தி செவியில் தங்கியிருக்கும். தேடிய பின் கிடைத்ததால் உள்ளத்தில் தங்கியது. நம் மதரஸாக்களிலும் நல்ல உஸ்தாது, சபக்கு ஒப்புவிக்கும் பிள்ளை வழுவினால் உடனே சொல்லை எடுத்துக் கொடுப்பதில்லை. விரலால் ஒருமுறை தட்டுவார். பிள்ளை பின்னோக்கிச் சென்று தானே பிடித்துக்கொள்வான். பிடிக்க முடியாதபோதே சொல் வரும்.

எளிய வாசகனுக்கு அடிக்குறிப்பு எதற்கு, தூய கவிதை போதாதா என்று ரசிகமணியின் அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நேரியதே. பாடபேதக் காடு கவிதையை மறைப்பதும் உண்டு. தேர்ந்தெடுத்துத் தருவதற்கு ஆசிரியனுக்கு முழு உரிமை உண்டு. ஆயிரம் பாடல்களை விடுத்து நூறு பாடல்களைத் தருவதில் தவறில்லை. சொல்லை மாற்றியவர் மட்டும், மாற்றப்பட்ட சொல்லை நூலின் இறுதியிலேனும் ஒரு வரியில் தந்துவிட வேண்டும். அவ்வொரு வரி வாசகனை அயர்த்தாது. திண்ணையில் அவனுக்கும் ஓர் இடம் தரும்.

கம்பர் நமக்கு அயலாரல்லர். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக விளங்கியவர் நீதிபதி மு. மு. இஸ்மாயீல் அவர்கள். எனினும் இக்கேள்வி நம் சொந்த வீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் புலவர் நாயகம் ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842இல் அச்சேற்றியிராவிடில் நம் நிலை என்னாகியிருக்கும்? அந்த மரபில் வந்த நூல்கள் இன்று மறுபதிப்புப் பெறுகையில், அரபுச் சொற்களைச் 'செம்மை' செய்யும் ஆர்வம் எழுவது இயல்பு. பழம்பாடலில் வரும் 'இபுறாகீம்' என்பதை 'இப்ராஹீம்' என்று மாற்றினால் அரபு உச்சரிப்பு நெருங்கும். ஆனால் புளிமாங்காய்ச் சீர் தேமாங்காய் ஆகிவிடும், சந்தம் குலையும். முன்னோர் அரபைத் தமிழின் நாவில் எவ்வாறு அமர்த்தினர் என்னும் வரலாறும் அழியும். திருத்தியவர் தொண்டு செய்ததாகவே எண்ணுவார். இழப்பை அறிய எவருக்கும் தடயம் இராது.

குற்றாலத்துக்கு அருகே தென்காசிப் பெருங்கோயிலில், பதினைந்தாம் நூற்றாண்டுப் பராக்கிரம பாண்டியன் பொறித்த செய்யுள் ஒன்றுண்டு. இக்கட்டடத்தில் பின்னாளில் குறை நேருமாயின் அதனைச் சீர்செய்து காப்போரை உலகறியப் பணிகிறேன் என்பது அதன் பொருள். நெடுங்காலம் சிதைந்து நின்ற அதன் கோபுரம் 1990இல் மீண்டும் உயர்ந்து நிறைவெய்தியது. பழையது எது, புதியது எது என்பதை ஊரார் அறிவர். மன்னனின் கல்லெழுத்தையும் எவரும் திருத்தவில்லை.

நம் இல்லங்களில் பாட்டனார் காலத்து ஏடுகளும் பழம் பதிப்புகளும் இன்னும் உள்ளன. அவற்றை அச்சகத்துக்கு அனுப்பும் அன்பர்கள் உள்ளதை உள்ளபடியே நடுவில் நிறுத்தி, தம் திருத்தத்தை ஓரத்தில் எழுதுவார்களாக. நம் பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.