கேட்பவரின் முகம்

சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கூடம். அரிசியில் கல் பொறுக்கியபடி ஒரு அம்மாள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். 1964இல் வெளிவந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி. நாகேஷின் நடிப்பைப்பற்றி நான் ஏதோ சொல்லப்போக, அவர் முறத்திலிருந்து தலை நிமிராமல், "கதை சொல்றவன வுடு தம்பி, கேக்கறவரப் பாரு. அவரு பயந்தாத்தான நமக்கு சிரிப்பு" என்றார்.

எத்தனையோ முறை பார்த்த காட்சி. ஒவ்வொரு முறையும் நாகேஷின் குரலையும், வாயாலேயே அவர் எழுப்பும் சப்தங்களையும்தான் கவனித்திருக்கிறேன். பாலையாவுக்கு அதில் பேச்சு மிகக் குறைவு. ஆர்வம், சந்தேகம், பீதி என்று அவர் முகம் மாறமாறத்தான், எடுக்கப்படாத ஒரு படம் நம் முன் உருக்கொள்கிறது.

வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் அபிப்பிராயங்களை ரசனையின்மை என்று ஒதுக்கிப் பழகிவிட்டோம். அதற்காக அவையெல்லாம் விமர்சனம் என்று கொண்டாடவும் வேண்டியதில்லை. பிறகு வந்த ஒரு காட்சியில் கவுண்டமணி செந்திலை உதைத்தபோது இதே அம்மாள் சிரித்தார். உதை வாங்குபவரின் முகத்தைப்பற்றிக் கேட்டேன். "அது சும்மா தமாசு" என்று முடித்துவிட்டார். தான் கண்டதைத் தானே மறந்துவிடும் பார்வை இது. அந்த மறதிக்கு எதிராக இயங்குவதே விமர்சகனின் காரியம். ஆனால் முதலில் காண வேண்டும். நான் காணவில்லை, அவர் கண்டார்.

நம் எழுத்தை எதிரில் உட்கார்ந்து கேட்பவர் யார் என்று நாம் யோசித்ததே இல்லை.