நின்றிருக்கும் டயாஃப்ரம் பம்பும் அதன் பாதுகாப்பும்

மின்மோட்டார் கிடையாது, சுழலும் தண்டு கிடையாது, கசிய சீல் கிடையாது. 1955இல் அமெரிக்காவில் ஜிம் வில்டன் உருவாக்கிய, காற்றால் இயங்கும் இரட்டை டயாஃப்ரம் பம்புக்கு இன்றுவரை உள்ள பெருமை இதுதான். திரவமின்றி வெறுமனே ஓடினாலும் கெடாது. டெலிவரி வால்வை மூடினால் தானே நின்றுவிடும். கழிவுநீர் நிலையமோ மருந்து ஆலையோ, "ஏர் லைனைக் கொடுத்தால் போதும், தனிப் பாதுகாப்பு எதற்கு?" என்ற எண்ணம் இந்தப் பெருமையில்தான் முளைத்தது. அது எவ்வளவு தூரம் சரி?

ஓரளவு சரிதான். காற்று ஒரு டயாஃப்ரத்தைத் தள்ளும்போது, அதே தண்டில் பூட்டிய மற்றது உறிஞ்சுகிறது. 5 பார் காற்று கொடுத்தால் சாதாரண வகைப் பம்பு தரும் திரவ அழுத்தமும் 5 பாரைத் தாண்டாது. ஃபில்டர் பிரஸ்ஸில் சேறு இறுக இறுகப் பம்பு தானே மெதுவாகிறது. வால்வை மூடிவைத்து ஓட்டினால் கியர் பம்பு குழாயை வெடிக்கவைக்கும். இது அப்படிச் செய்யாது.

ஆனால் நின்றிருக்கும் பம்புக்குள் அழுத்தம் அப்படியே இருக்கிறது. சத்தம் இல்லையே என்று ஓஸ் கிளாம்பைக் கழற்றுபவரின் முகத்தில் அமிலம் அடிக்கும். ஏர் லைனில் சாதாரண பால் வால்வு இருந்தால், அதை மூடிய பின்னும் வால்வுக்கும் பம்புக்கும் இடையே காற்று சிக்கியிருக்கும். மூடும்போதே அந்தக் காற்றை வெளியே விடும் துளையுள்ள வால்வும், திரவப் பக்கம் ஒரு வடிகுழாயும் கட்டாயம் வேண்டும். ரிலீஃப் வால்வே தேவையில்லை என்பதும் முழு உண்மையல்ல. இரு முனையும் மூடிய குழாயில் வெயில் பட்டால் உள்ளே விரியும் திரவம் எந்தக் காற்றழுத்தக் கணக்குக்கும் கட்டுப்படாது.

அதிகம் கவனிக்கப்படாதது காற்று வெளியேறும் வழி. டயாஃப்ரம் தேயும் பொருள். என்றோ ஒருநாள் கிழியும். கிழிந்தால் திரவம் காற்றறைக்குள் புகுந்து, சைலென்சர் வழியாக, ஆள் நிற்கும் இடத்திலேயே பீய்ச்சும். தொட்டி பம்பைவிட உயரத்தில் இருந்தால், காற்றை அடைத்த பிறகும் திரவம் வழிந்துகொண்டே இருக்கலாம். ஆகவே பம்பிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் மூலம் தொட்டியின் திரவ மட்டத்துக்கும் மேலே, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நீளக் குழாய் பம்பின் வேகத்தைக் குறைக்கும் என்ற மறுப்பு நியாயமானது. அதற்குத் தீர்வு குழாயின் விட்டத்தைக் கூட்டுவது. குழாயே போடாமல் விடுவதை என்னால் ஏற்க முடியாது.

போல்ட்டுகளை முதல் ஓட்டத்துக்கு முன் மறுபடி இறுக்குவதும், குழாயின் பாரம் பம்பின் மேல் விழாமல் வளையும் ஓஸ் போடுவதும் தெரிந்த சங்கதிகள்.

எனக்குக் கவலை தருவது கரைப்பான்கள். "மின்சாரமே இல்லை, பொறி எங்கிருந்து வரும்?" என்கிறார்கள். ஓஸுக்குள் பாயும் டொலுவினே நிலைமின்னூட்டத்தை உண்டாக்குகிறது. மின்கடத்தாத பாலிப்ரொப்பிலீன் உடலில் எர்த் கம்பி கட்டி ஒரு பயனும் இல்லை. உடல் உலோகமாகவோ மின்கடத்தும் பிளாஸ்டிக்காகவோ இருந்து, பம்பு, ஓஸ், பேரல் மூன்றும் ஒன்றோடொன்று இணைந்து எர்த் ஆக வேண்டும். உலோகம் என்பதால் எல்லாவற்றுக்கும் அலுமினியம் போடவும் கூடாது. டைகுளோரோமீத்தேன் போன்ற ஹாலஜன் கரைப்பான்கள் அலுமினியத்தோடு வினைபுரிந்து வெடிக்கக்கூடும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்.

நீருக்கும் சேற்றுக்கும், உடல் ஒத்துக்கொள்ளும் அமிலத்துக்கும் இந்தப் பம்பு நல்ல தேர்வு. நிபந்தனை, காற்றை வெளியேற்றும் வால்வும் உயர்த்திய வெளியேற்றுக் குழாயும் முதல் நாளே பொருத்தப்பட்டிருப்பது. தீப்பற்றும் கரைப்பானுக்கோ, உடலின் பொருளும் எர்த் இணைப்பும் சோதித்து உறுதியாகாதவரை ஏர் லைனைத் திறக்கவே அனுமதிக்கக் கூடாது. உற்பத்தி ஒரு ஷிஃப்ட் தாமதமானாலும் சரி.