களிறும் காலாளும்: கவசப் போர்ப் புனைவுகள் பற்றிய ஓர் ஆய்வு

பெரும்படைக் கருவியின் முன் தனி மனிதன் எதிர்நிற்கும் நிலை, போர் இலக்கியத்தின் மிகப் பழைய பொருள்களுள் ஒன்றாகும். தொல்காப்பியர் தும்பைத் திணைக்குத் துறை வகுக்குங்கால், களிற்றை எறிந்து எதிர்நின்றோரின் பெருமையைத் தனியே எடுத்தோதினார். புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனார், தான் வீழ்த்திய களிற்றின் கீழே தானும் பட்டு மாயும் மறவனது நிலைக்குக் களிற்றுடனிலை எனப் பெயரிட்டார். அப்பொருளே இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு அறிவியற் புனைகதையிலும், அதன் வழிவந்த போர்விளையாட்டுகளிலும் வேறு கோலம் பூண்டு தோன்றியது. களிறு நின்ற இடத்திற் கவச ஊர்தி நின்றது. வேலேந்தி நின்ற இடத்தில் விசைக்கவசம் பூண்ட காலாள் நின்றான்.

எச். ஜி. வெல்ஸ் 1903இல் எழுதிய சிறுகதையொன்றில், நிலத்தில் ஊரும் இரும்புக் கலங்கள் அகழிகளைக் கடந்து காலாட்படையை அழித்தன. மெய்யான தாங்கிகள் போர்க்களம் புகுந்தது 1916இலேயாம். அவரே 1913இல் பொம்மைப் படைவீரரைக் கொண்டு ஆடும் போர்விளையாட்டுக்கு விதிகள் வகுத்து நூலாக்கினார். வெல்ஸின் கதையில் தோற்ற காலாளை மீண்டும் எழுப்பியவர் ராபர்ட் ஹைன்லைன். அவர் 1959இல் வெளியிட்ட 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' என்னும் நாவலில், வீரன் அணியும் கவசம் அவனது உடலசைவைத் தானே உணர்ந்து, அதனைப் பன்மடங்காக்கி இயக்கும். ஊர்தியைச் செலுத்தக் கற்க வேண்டும். கவசத்தையோ உடுத்தினாற் போதும் என்பது அவர் கண்ட வேறுபாடு.

இவ்விரண்டையும் ஒரே பலகையில் எதிரெதிரே நிறுத்தியது, ஸ்டீவ் ஜாக்சன் 1977இல் அமைத்த 'ஓகர்' என்னும் ஆட்டம். ஒருவர் கையில் தானே சிந்தித்து இயங்கும் ஒரேயொரு மாபெருந் தாங்கி. மற்றவர் கையில் விசைக்கவசக் காலாட்களும் சிறு ஊர்திகளும் பல. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் பொரும் ஆடுபுலியாட்டத்தை அறிந்த மடத்துவெளிச் சிறுவனுக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். ஆடுகள் புலியை வெல்வது வலிமையாலன்று, வழியடைத்தலால். அவ்வாறே ஓகரின் சங்கிலிப் பட்டைகளைச் சிறிது சிறிதாகச் சிதைத்து, அதன் செலவைத் தடுப்பதே காலாளுக்கு உற்ற வழியாகும்.

எனவே கவச வீரன் வலியனா, கவச ஊர்தி வலியதா என்னும் வினா, வினவிய முறையிலேயே பிழையுடையது. கவசத்துக்கு விசை தந்த அதே தொழில்நுட்பம் ஊர்திக்கும் விசை தரும்; மனித உடல் தாங்கும் அளவினும் பெரிய கருவியை ஊர்தி சுமக்கும். ஆதலின் வெளிநிலத்தில் ஊர்தியே மேம்படும். இடிந்த நகரிலும் காட்டிலும், பிடித்த இடத்தைக் காத்து நிற்பதிலும் காலாளே வேண்டப்படுவான். வலிமை இடத்தையும் துணையையும் பொறுத்தது.

தமிழ்ப் புலவர் இதனை நன்குணர்ந்தனர். புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார், களிறெறிந்து மீள்வதைக் காளைக்குரிய கடனாகக் கூறுமுன், தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடன்களை வரிசைப்படுத்தினார். தனிவீரன் என்பான் ஒரு சமுதாயத்தின் ஆக்கம் என்பது அதனாற் பெறப்படும். வள்ளுவரோ, கைவேலைக் களிற்றின்மேல் எறிந்தவன், தன் மெய்யில் தைத்த வேலைப் பறித்து மகிழ்வதைக் காட்டினார். அங்கே வீரத்தின் அளவுகோல் காவலற்ற உடல். உடலை முற்றும் மறைக்கும் விசைக்கவசக் கதையில் அவ்வளவுகோல் பயன்படாது. அதனாலேயே ஹைன்லைன் வீரத்தைப் பயிற்சியிலும், தோழனைக் கைவிடாமையிலும் தேட நேர்ந்தது. இஃது அவர் நாவலின் சிறப்பு.

எனினும் இவ்வகைப் படைப்புகள் பலவற்றுக்குப் பொதுவான குறையொன்றுண்டு. அவற்றில் தும்பை உண்டு, காஞ்சி இல்லை. தொல்காப்பியர் பொருதலைப் பாடும் திணையோடு, நிலையாமையையும் இழந்தோர் அழுகையையும் பாடும் திணையையும் வகுத்தார். பலகையிலோ பட்ட வீரன் ஓர் அட்டை. அப்புறப்படுத்தியதும் கணக்குத் தீர்ந்தது. 1974இல் 'த ஃபாரெவர் வார்' எழுதிய ஜோ ஹால்டிமன், வியட்நாமிற் போரிட்டவர். அவர் நாவலின் கவச வீரன் மீண்டு வருங்கால், அவன் அறிந்த உலகமே கழிந்துபோயிருக்கும். காஞ்சியை அறிந்த நூல் அது.

பெயரிலேயே யானையைத் தாங்கிய ஆனையிறவில், 1991 யூலையில் இரும்புத் தகடு போர்த்த புல்டோசர் ஒன்று முகாமை நோக்கி வந்தது. படைவீரர் ஒருவர் கைக்குண்டுகளுடன் அதன்மேல் ஏறி, தம்முயிரையும் கொடுத்து அதனை நிறுத்தினார். அப்போரில் இருபுறத்தும் மடிந்த இளைஞர் பலர். அவ்வூர்தியின் உடல் பின்னர் அவ்விடத்தே காட்சிக்கு வைக்கப்பட்டது. களிற்றுடனிலை ஏட்டில் மட்டும் உள்ள துறையன்று. கவசத்தின் கனத்தையும் விசையையும் கணிக்கும் ஆட்டம் அறிவுக்கு விருந்தாகலாம். கவசத்தின் உள்ளே இருந்தவனுக்காக அழத் தெரிந்ததே இலக்கியமாகும்.