பாராட்டும் தகுதி: சிறப்புப்பாயிரம் முதல் நேயர் மடல் வரை – தென்காசி, குற்றாலப் பின்புலத்தில் ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கலைஞர் ஒருவருக்கு முகமறியாத மக்கள் அனுப்பும் பாராட்டு மடல்கள் தமிழ்த் திறனாய்வின் கவனத்தைப் பெரிதும் பெற்றதில்லை. அவை ஆர்வத்தின் வெளிப்பாடுகள், மதிப்பீடுகள் அல்ல என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இலங்கை வானொலி வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் தமிழ் மக்களிடம் நெருங்கிய மூத்த அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் பெற்ற நேயர் பாராட்டை முன்வைத்து, அவ்வெண்ணத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. நன்னூலின் பாயிர இலக்கணம், ரசிகமணி டி.கே.சி.யின் குற்றால ரசனை மரபு ஆகிய இரண்டும் இங்கு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாராட்டு மடல், நேயர், ரசிகர், சிறப்புப்பாயிரம், இலங்கை வானொலி, பாட்டுக்குப் பாட்டு, டி.கே.சி.

முன்னுரை

யார் பாராட்டலாம் என்னும் வினாவைத் தமிழ் இலக்கண மரபு வெளிப்படையாகவே எழுப்பியுள்ளது. எல்லா நூலும் கற்றவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்பது நன்னூலார் கொள்கை. எனவே நூலின் சிறப்பைப் பிறர் கூற வேண்டியதாகிறது. அப்பிறர் யாவர் என்பதையும் அவர் வரையறுக்கிறார். நூலாசிரியரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் ஆகிய நால்வரே அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களின் முன்பக்கங்களை நிறைத்த சாற்றுகவிகள் இவ்வரையறையின் நீட்சியே. பாராட்டின் மதிப்பு பாராட்டுபவரின் கல்வித் தகுதியைச் சார்ந்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் ஒலிபரப்பு ஊடகம் இந்நால்வருக்கு அப்பால் ஐந்தாவதாக ஒருவரைக் கொணர்ந்தது. அவரே நேயர். அவர் கலைஞரின் ஆசிரியரும் அல்லர், மாணவரும் அல்லர். கலைஞரை அவர் நேரில் கண்டதில்லை. எனினும் எழுதினார். அவருடைய பாராட்டுக்குத் தகுதி எங்கிருந்து கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் சிக்கல்.

குற்றாலச் சூழலில் பாராட்டின் வடிவங்கள்

தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சிக்காக, மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் வழங்கினார் என்பது வழக்கு. அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. இங்கு ஆட்சியாளரின் பாராட்டு நிலமாக வடிவெடுத்தது. அரங்கில் குறத்தியின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்த பிறரின் பாராட்டோ பதிவின்றிப் போயிற்று.

இரண்டாம் வடிவம் கடிதம். ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் வட்டத்தொட்டியைக் கூட்டியவர். குற்றாலத்தில் வாழ்ந்து, தம்மை நாடி வந்தோருக்கும் தொலைவிலிருந்த நண்பர்களுக்கும் கவிதையின் சுவையை எடுத்துரைத்தவர். நூலாகத் தொகுக்கப்பெற்ற அவருடைய கடிதங்களில் பாராட்டு ஓர் எழுத்து வகையாகவே நிலைபெறுகிறது. பாட்டைச் சந்தி பிரித்து அச்சிட்டதும், வாய்விட்டுச் சொல்லிக் காட்டியதும், தமிழிசை இயக்கத்திற்குத் துணைநின்றதும் ஒரே நம்பிக்கையின் விளைவுகள். தமிழின் சுவையைச் செவியே முதலில் அறிகிறது என்பதே அந்நம்பிக்கை. புலமைப் பட்டம் இல்லாதவரும் செவி வாய்த்தவராயின் சுவைக்கலாம் என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது. நன்னூலார் விதித்த தகுதி இங்கே நெகிழத் தொடங்குகிறது.

ஆயினும் டி.கே.சி.யின் வழிக்கு ஓர் எல்லையுண்டு. கம்பராமாயணத்தில் தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் எனக் கொண்டு அவர் விலக்கியது கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. ரசனை சான்றைத் தேடாமல் தானே தீர்ப்பாக மாறும் இடம் அது. பாராட்டு மடல்களை மதிப்பிடுவோரும் இந்த இடரை நினைவிற்கொள்ள வேண்டும்.

நேயர் என்னும் சொல்

அகில இந்திய வானொலி 1950களில், பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த காலத்தில், திரைப்படப் பாடல்களுக்கு இடத்தைச் சுருக்கியது. திரையிசையை விரும்பியோர் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையை நாடினர். 1957இல் விவித பாரதி தொடங்கப்பெற்ற பின்னரும், 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் அமைந்த பின்னரும், தமிழகத்தின் தென் மாவட்டங்களில் இலங்கைத் தமிழ் ஒலிபரப்பின் செல்வாக்குத் தொடர்ந்தது. 2019இல் தென்காசி மாவட்டமாகப் பிரிக்கப்பெற்ற பகுதியும் அச்செல்வாக்கு எல்லைக்குள் இருந்ததே.

இங்கு இரு சொற்களை வேறுபடுத்தல் வேண்டும். ரசிகர் என்பது சுவையை அடிப்படையாகக் கொண்ட சொல். நேயர் என்பது அன்பை அடிப்படையாகக் கொண்ட சொல். கேட்பவரை வானொலி நேயர் என விளித்தபோது, அறிமுகமற்ற ஒருவரோடு உறவு ஒன்றை முன்கூட்டியே அறிவித்துவிட்டது. விருப்பப் பாடல் நிகழ்ச்சிகளில் நேயரின் பெயரும் ஊரும் வாசிக்கப்பெற்றன. சாற்றுகவியில் பெயர் புலமைக்குச் சான்று; விருப்ப மடலில் பெயர் ஒருவர் இவ்வுலகில் இருக்கிறார் என்பதற்குச் சான்று. நேயர் மடலில் வெளிப்படையான புகழுரை இல்லாமலும் இருக்கலாம். இப்பாடலை உங்கள் குரலின் வழியே கேட்க விரும்புகிறேன் என்னும் வேண்டுகோளே பாராட்டாகும். அறிவிப்பாளர் பெயரை உரக்கச் சொல்லும்போது அப்பாராட்டுக்கு விடை கிடைக்கிறது. ஆகவே நேயர் மடலைத் தனித்த பனுவலாக அன்றி, ஒரு கொடுக்கல் வாங்கலின் பாதியாகவே வாசித்தல் பொருந்தும்.

கடல் கடந்த உறவைக் கடிதத்தால் பேணுவது இப்பகுதிக்குப் புதிதன்று. தென்காசி, கடையநல்லூர் வட்டாரங்களிலிருந்து பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். 1941இல் தோன்றிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அப்பெயர்வின் அடையாளம். குடும்பக் கடிதத்தில் நலம் விசாரித்துப் பழகிய கைகளுக்கு, முகமறியாத அறிவிப்பாளரிடமும் முதலில் நலம் விசாரிப்பது இயல்பான தொடக்கமாக அமைந்திருக்கக்கூடும். நேயர் மடலின் உரிமைத் தொனியை இப்பின்புலத்தில் வைத்துக் காண இடமுண்டு.

பாட்டுக்குப் பாட்டு: ரசிகர் மேடையேறுதல்

இலங்கை வானொலியில் பெயர்பெற்ற அப்துல் ஹமீத், பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சியைப் பின்னர் சன் தொலைக்காட்சியிலும் நடத்தினார். கொடுக்கப்பெற்ற எழுத்தில் தொடங்கும் திரைப்பாடலைப் போட்டியாளர் நினைவுகூர்ந்து பாட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பொதுவாகத் தொலைக்காட்சி கலைஞரை மேடையிலும் ரசிகரை இருக்கையிலும் அமர்த்தும். இந்நிகழ்ச்சியில் ரசிகரே மேடையேறினார். அவருக்கு வேண்டிய கருவிகள் மூன்று: நினைவு, சொற்பிழையின்மை, நெடுங்கணக்கின் அறிவு. வீட்டில் அமர்ந்திருந்தவரும் போட்டியாளரை முந்தி அப்பாடலைத் தேடினார். ஆதலால் பார்வையாளர் என்னும் சொல் அவருக்குப் போதாது.

ஹமீதின் பால் மக்கள் காட்டும் அன்பின் தனித்தன்மையும் இங்கிருந்தே விளங்கும். அவரைப் பற்றிய பாராட்டுகளில் முதன்மையாக இடம்பெறுபவை தெளிவான உச்சரிப்பு, பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் மறவாது குறிப்பிடும் வழக்கம், தவறியவரைப் புண்படுத்தாது திருத்தும் பண்பு ஆகியவை. இவை தோற்றத்தையோ புகழையோ சார்ந்தவை அல்ல. ஒரு தொழிலைச் செவ்வனே செய்தல் பற்றியவை. லகர, ளகர, ழகர வேறுபாட்டை ஒருவரிடம் பாராட்டுபவர் அவ்வேறுபாட்டைத் தம் செவியால் அறிந்தவராக இருத்தல் வேண்டும். அதாவது, பாராட்டு தன்னையறியாமலே பாராட்டுபவரின் தகுதியையும் மெய்ப்பிக்கிறது. ஐந்தாமவரின் தகுதி குறித்த வினாவுக்கு விடை இதுவே. அது முன்னரே வழங்கப்பெற்ற பட்டமன்று. நீண்ட காலக் கேட்டலால் ஈட்டப்பெற்ற பயிற்சி.

இதில் மொழியரசியல் சார்ந்த பொருளும் உண்டு. தமிழின் மையம் தமிழகம், ஈழம் அதன் விளிம்பு என்னும் பொது எண்ணத்திற்கு மாறாக, இலங்கைத் தமிழர் ஒருவர் தமிழகப் போட்டியாளர்களின் சொற்பிழையைத் திருத்தினார். தமிழக மக்கள் அதனை விரும்பி ஏற்றனர். அவர் தம் நினைவுநூலுக்கு ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ எனப் பெயரிட்டுள்ளார். மக்களோ அவரை வழிப்போக்கராகக் கொள்ளவில்லை, வீட்டாராகவே கொண்டனர்.

மதிப்பீட்டின் தேவை

பாராட்டு மடல்கள் யாவும் ஒரு நிறையின அல்ல. உங்களுக்கு நிகர் எவருமில்லை என்று மட்டும் கூறும் மடல் எக்கலைஞருக்கும் பொருந்தும். ஆகவே எவரைப் பற்றியும் எதுவும் கூறுவதில்லை. இன்ன நிகழ்ச்சியில் இன்ன சொல்லை இவ்வாறு ஒலித்தீர்கள் என்னும் மடல் காரணம் கூறுகிறது; சரிபார்க்க இடம் தருகிறது. டி.கே.சி.யின் கடிதங்கள் இன்றும் வாசிக்கப்படுவது அவர் வியந்ததனால் மட்டுமன்று, வியப்பு எச்சொல்லில் எழுந்தது என்பதைச் சுட்டிக் காட்டியதனாலும் ஆகும். காரணங்கூறலையே முதல் அளவுகோலாகக் கொண்டால் நேயர் மடலையும் ரசிகமணியின் கடிதத்தையும் ஒரே தளத்தில் வைத்து ஒப்பிட இயலும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அன்பினால் எழுதப்பெற்றதில் காரணம் தேடுவது அம்மடலின் இயல்புக்கு முரணானது என்பது அது. இம்மறுப்பில் உண்மையுண்டு. நோயுற்றிருந்த காலத்தில் உங்கள் குரல் துணையாயிற்று என்னும் மடல் கலையை ஆராய்வதில்லை. எனினும் அது கலையின் பயனைக் கூறுகிறது. பயன் கூறுதலும் பாயிர இலக்கணத்தின் ஓர் உறுப்பே. எனவே காரணங்கூறல், பயன்கூறல் என இருவகையாகப் பகுத்து ஆராய்தல் தக்கது. இரண்டும் அற்ற வெற்றுப் புகழுரையை அன்பின் அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம். திறனாய்வுச் சான்றாகக் கொள்ளுதல் ஆகாது.

முடிவுரை

நன்னூலார் வகுத்த நால்வர்க்குப் பின் வந்த ஐந்தாமவர் தகுதியற்றவர் அல்லர். அவருடைய தகுதி செவிவழிப் பயிற்சியால் அமைந்தது. குறவஞ்சியைக் கேட்ட பொதுமக்களின் பாராட்டு நமக்கு எட்டவில்லை. ஒலிபரப்புக் கால நேயர்களின் பாராட்டுக்கும் அந்நிலை நேரும் வாய்ப்பு மிகுதி. ஏனெனில் மடலின் ஒரு பாதி அனுப்பியவரின் நினைவிலும் மறுபாதி காற்றில் கலந்த குரலிலும் உள்ளன. அந்நேயர்களில் பலர் இன்று முதுமையில் இருக்கின்றனர். தென்காசி வட்டாரத்தில் நாட்டார் வழக்காறுகளைத் திரட்டும் தமிழ்த்துறைகள், வானொலி நேயர்களின் நினைவுகளையும் எஞ்சியுள்ள மடல்களையும் அத்திரட்டில் சேர்த்தல் வேண்டும். திரட்டும்போதே அவர்களிடம் கேட்கத்தக்க வினா, யாரைப் பாராட்டினீர்கள் என்பதோடு நிற்காமல், எதைக் கேட்டுப் பாராட்டினீர்கள் என்பதாகவும் அமைதல் நலம்.